இன்குபேட்டரில் குழந்தை: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர் நான். குறைமாதக் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் அம்மா, அப்பாக்களின் கேள்விகள் இவை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். அவர்தான் குழந்தையை நேரில் பார்க்கிறார்.

சிஸ்டர், 30 வாரத்தில் 1200 கிராமில் பிறந்தாள். நாலாம் நாள் 1110தான் இருக்கிறாள். பயமாக இருக்கிறது.

உடம்பில் கூடுதலாக இருந்த நீர் இறங்குகிறதம்மா. குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரத்தில் பத்து சதவீதம், சில சமயம் அதற்குக் கொஞ்சம் மேலும் குறையும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கே திரும்பிவிடும்.

எட்டாம் மாதக் குழந்தை தங்காது, ஏழாம் மாதம் என்றால் பிழைக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். எங்கள் பையன் 33 வாரம்.

அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான். 29 வாரத்தைவிட 33 எவ்வளவோ மேல்.

பால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. குழந்தைக்கு டியூபில்தான் பால் போகிறது. பேசாமல் பவுடர் பால் கொடுத்துவிடலாம் என்கிறார் மாமியார்.

அந்தச் சொட்டுகளை வீணாக்காதீர்கள். முதல் நாட்களில் வரும் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் நோயெதிர்ப்புச் சக்தி நிறைந்தது. குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் முதிரவில்லை. அதில் அழற்சி வந்து திசுக்கள் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இது குறைவாகவே வருகிறது.

பிரசவமான சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது, ராத்திரியிலும் ஒரு முறை. எடுக்க எடுக்கத்தான் ஊறும். குழந்தையை நெஞ்சில் வைத்திருந்த கையோடு எடுத்துப் பாருங்கள், பலருக்கு நன்றாக வரும். அப்படியும் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற ஒழுங்கு, கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரத்தில்தான் கைகூடும். அதுவரை டியூப், பிறகு பாலாடை என்னும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அப்புறம் நேரடியாக மார்பு.

திடீரென்று மானிட்டர் கத்துகிறது, குழந்தை மூச்சு விடுவதை நிறுத்திவிடுகிறான் என்கிறார்கள்.

மூச்சை நடத்தும் மூளைப் பகுதி முதிராததால் வருவது இது. காலைத் தட்டினால் பெரும்பாலும் மறுபடி மூச்சு விடுவான். இதற்குக் காஃபின் மருந்தும் கொடுப்பார்கள். நாட்கள் போகப் போகக் குறைந்துவிடும். சென்சார் நழுவினாலும் மானிட்டர் கத்தும், அதனால் திரையையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். குழந்தையின் நிறத்தையும் மார்பு ஏறி இறங்குவதையும் பாருங்கள்.

ஆக்சிஜன் குழாய் இருக்கும்போது, தோலோடு தோல் சேர்த்து நெஞ்சில் அணைக்கும் கங்காரு முறையில் வைத்துக்கொள்ளலாமா? அப்பா செய்யலாமா?

குழந்தை நிலையாக இருந்து, டாக்டரும் சரி என்றால் செய்யலாம். அப்பா தாராளமாகச் செய்யலாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. இப்போது உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடனேயே முடிந்தவரை ஆரம்பித்து ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது.

டயப்பர், தொப்பியோடு மட்டும் குழந்தையை உங்கள் வெற்று மார்பின் நடுவே நிமிர்த்திப் படுக்க வையுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மறையாமல் இருக்க வேண்டும். துணியால் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், அடிக்கடி தூக்கி மாற்றினால் குழந்தை களைத்துவிடும். உடல் சூடு காக்கப்படும், தொற்று குறையும், எடையும் ஏறும். "இன்று எத்தனை மணிக்கு எனக்குத் தருவீர்கள்?" என்று தினமும் கேளுங்கள். கேட்பது தொந்தரவு இல்லை. நீங்கள் பார்க்க வந்துபோகிற ஆள் இல்லை, உங்கள் தோலும் பாலும் குழந்தையின் சிகிச்சையில் சேர்த்தி.

ஏழாம் மாதம் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அதனால்தானா?

இல்லையம்மா. தொற்று, ரத்தக்கொதிப்பு, இரட்டைக் கரு என்று காரணங்கள் பல. பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். அழுகை நிற்காமல், தூக்கமும் பசியும் போய்விட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டுக்குப் போகும்போது எதை மறக்கக் கூடாது?

கண் பரிசோதனையை. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னாலேயே. குழந்தை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போய்விடலாம். நேரத்தோடு லேசரோ ஊசியோ போட்டால் காப்பாற்றலாம். தேதி கடந்தால் முடியாது. அடுத்தது காது பரிசோதனை.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள். தலை நிற்பதற்கும் உட்காருவதற்கும், டாக்டர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து. கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, விலா உள்வாங்க மூச்சு இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.