மியூனிக்ல இருந்து இத்தாலிக்கு கார்ல போறவங்களுக்கு: டோல், லைசென்ஸ், கேமரா

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: மார்ச்ல மியூனிக் வந்தாச்சு, கையில இந்திய லைசென்ஸ்தான் இருக்கு, ஆகஸ்ட்ல மனைவி, ஆறு வயசுப் பொண்ணு, ஊர்ல இருந்து வர்ற அம்மான்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாடகை கார்ல ஆஸ்திரியா வழியா வெரோனா, ஃப்ளாரன்ஸ்னு ரெண்டு வாரம் சுத்தணும், ஃபாஸ்டேக் மாதிரி ஒண்ணு வாங்கிட்டா எல்லா நாட்டு டோலுக்கும் போதுமா, மொத்தம் எவ்வளவு ஆகும்.

ஒண்ணு வாங்கினா போதாது, நாட்டுக்கு நாடு வேற வேற. ஆனா டோல் காசை நினைச்சு பயப்படாதீங்க, அது பெரிய தொகையே இல்ல. நம்ம ஊர்ல காசு கட்ட வேண்டிய இடம்னா குறுக்க ஒரு கேட் இருக்கும், கட்டாம தாண்ட முடியாது, அதனால கேட் இல்லன்னா கட்ட வேண்டியது இல்லன்னு நமக்குள்ள ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கு. இங்க அந்தப் பழக்கம்தான் ஆபத்து. பல இடத்துல யாருமே நிறுத்த மாட்டாங்க, சிரமமே இல்லாம போயிட்டு வந்துருவீங்க, கேமரா நம்பர் பிளேட்டை படம் புடிச்சிருக்கும், மாசக்கணக்கு கழிச்சு லெட்டர் வரும். புதுசா வர்ற நம்ம ஆளுங்க காசை விடுறது பெரும்பாலும் இந்த லெட்டர்லதான்.

முதல்ல லைசென்ஸ், ஏன்னா இது சரியில்லன்னா மத்த எதுவும் பேசிப் பிரயோஜனம் இல்ல. ஜெர்மனில குடியேறின நாள்ல இருந்து ஆறு மாசம் வரைக்கும்தான் இந்திய லைசென்ஸ்ல ஓட்டலாம். மார்ச்ல வந்தீங்கன்னா செப்டம்பர்ல முடியுது, அதனால ஆகஸ்ட் டிரிப்பை எந்தக் காரணத்துக்காகவும் அக்டோபருக்குத் தள்ளாதீங்க, ஆறு மாசம் தாண்டி ஓட்டினா அது லைசென்ஸ் இல்லாம ஓட்டின குற்றம், ஃபைனோட முடியாது, ஆக்சிடென்ட் ஏதாவது ஆனா இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்ககிட்டயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதுக்கப்புறம் இங்க தியரி, பிராக்டிகல் ரெண்டு டெஸ்ட்டும் பாஸ் பண்ணி ஜெர்மன் லைசென்ஸ் வாங்கியே ஆகணும். இன்டர்நேஷனல் பெர்மிட் கையில இருக்கான்னு பாருங்க, இந்தியாவுல ஆர்டிஓ குடுக்குற அந்த புக், ஒரு வருஷம் செல்லும். இத்தாலில போலீஸ் நிறுத்தினா ஒரிஜினல் லைசென்ஸோட சேர்த்து அதையும் கேப்பாங்க. அந்த புக் கையில இல்லன்னா இப்பவே வீட்டுக்குப் போன் போட்டு வேலையை ஆரம்பிங்க. அம்மா வரும்போது கையில குடுத்து அனுப்பலாம்.

வாடகை கார் புக் பண்ணும்போதே ஆஸ்திரியா, இத்தாலி ரெண்டும் போறோம்னு சொல்லிருங்க. சில கம்பெனி சில மாடல் கார்களை இத்தாலிக்குள்ள விடவே மாட்டாங்க, சொல்லாம போய் ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் நிக்காது.

இப்ப டோல். ஜெர்மனில காருக்கு ஆட்டோபான், அதாவது ஹைவே டோல் கிடையாது. பார்டர்ல இருக்குற கீஃபர்ஸ்ஃபெல்டன் தாண்டி ஆஸ்திரியா உள்ள போனதும் விக்னெட் வேணும், அதாவது இத்தனை நாளைக்குன்னு மொத்தமா காசு கட்டி வாங்குற ஹைவே பாஸ். பார்டர்ல இருந்து குஃப்ஸ்டைன் ஸ்யூட் எக்ஸிட் வரைக்கும் விக்னெட் தேவையில்லன்னு 2019 கடைசில விலக்கு குடுத்தாங்க, இன்ஸ்ப்ரூக் வரைக்கும் ஃப்ரீன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த விலக்கு கொஞ்ச தூரம்தான். விக்னெட்டை ஆஸ்ஃபினாக்னு அந்த நாட்டு ஹைவே நிறுவனத்தோட சொந்த வெப்சைட்லயோ ஆப்லயோ வாங்குங்க. தேடினா முதல்ல வர்றது இடையில இருக்குற ஏஜென்ட் சைட்டா இருக்கும், அதே விக்னெட்டை கூட காசு வச்சு விப்பாங்க, அட்ரஸை நல்லா பாத்துட்டு கார்டு நம்பர் போடுங்க.

டிஜிட்டல் விக்னெட் உங்க பேருக்கு இல்ல, நம்பர் பிளேட்டுக்குத்தான். வாடகை கார் நம்பர் சாவி கைக்கு வர்ற அன்னைக்குத்தான் தெரியும். பரவாயில்ல, ஒரு நாள் விக்னெட்டும் பத்து நாள் விக்னெட்டும் வாங்கின உடனே செல்லுபடி ஆகும், பார்க்கிங்ல உக்காந்தே போன்ல வாங்கிடலாம். ரெண்டு மாசம், ஒரு வருஷம் விக்னெட்தான் தனியாள் ஆன்லைன்ல வாங்கினா பதினெட்டாவது நாள்லதான் ஆரம்பிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி கார்ல ஏற்கனவே விக்னெட் இருக்கான்னு கவுன்டர்ல கேளுங்க, மியூனிக்ல சில கார்ல இருக்கும். நம்பர் டைப் பண்ணும்போது ஓ எழுத்தா பூஜ்யமான்னு பாருங்க, ஒரு எழுத்து மாறினாலும் அது வேற எவனோ ஒருத்தன் காருக்கு வாங்கின கணக்கு.

நீங்க போறது ரெண்டு வாரம், அதனால பத்து நாள் விக்னெட் திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். ரெண்டு பத்து நாள் வாங்குறதுக்குப் பதிலா போற அன்னைக்கு ஒண்ணு, வர்ற அன்னைக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஒரு நாள் விக்னெட் வாங்குங்க, ஒண்ணு பத்து யூரோவுக்குக் கொஞ்சம் கம்மி, பத்து நாளோடது பதின்மூணு யூரோ பக்கம். வருஷா வருஷம் ஏத்துவாங்க. ஆனா ஒரு நாள்ங்கறது இருபத்திநாலு மணி நேரம் இல்ல, அந்தத் தேதி ராத்திரி பன்னெண்டு மணியோட சரி. வழியில ட்ராஃபிக்ல மாட்டி நள்ளிரவு தாண்டிச்சுன்னா காரை நிறுத்திட்டு இன்னொண்ணு வாங்கணும். விக்னெட் இல்லாம புடிச்சா நூறு யூரோவுக்கு மேல போயிரும்.

இன்ஸ்ப்ரூக் தாண்டினா பிரென்னர், இத்தாலிக்குப் போற மலைக் கணவாய், அந்த ரோடு ஏ 13. இங்க விக்னெட் கணக்கு இல்ல, தனி டோல், பன்னெண்டு யூரோ பக்கம், கேட் இருக்கும், கார்டுலயே கட்டலாம். முன்கூட்டி ஆன்லைன்ல நம்பரைக் குடுத்து வாங்கிட்டீங்கன்னா பிளேட்டைப் படிச்சு கேட் தானா திறக்கும், ஆகஸ்ட் கூட்டத்துல அது நல்ல விஷயம். அந்த ரூட்ல லூக் பாலத்தை இடிச்சுக் கட்டுற வேலையால 2025 ஜனவரில இருந்து பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு லேன்தான், கூட்டமான நாள்ல மட்டும் ரெண்டு விடுவாங்க. அதனால சனிக்கிழமை காலைல கிளம்பாதீங்க, தயவுசெஞ்சு. அம்மாவையும் குழந்தையையும் வச்சுக்கிட்டு மலை மேல மணிக்கணக்கா நிக்க வேண்டி வரும். நெரிசல்ல கூகுள் மேப் உள்ளூர் ரோட்டுல திருப்பி விடப் பாக்கும், ஆனா இன்ஸ்ப்ரூக் இருக்குற டிரோல் மாநிலத்துல கோடைகால வார இறுதியில வழிப்போக்கர் வண்டி ஹைவேயை விட்டு இறங்கி ஊருக்குள்ள பூந்து போறதுக்குப் பல எக்ஸிட்ல தடை இருக்கு, போலீஸ் நின்னு திருப்பி அனுப்புவாங்க. மேப் சொல்றத விட போர்டு சொல்றதக் கேளுங்க.

ட்ராஃபிக் நின்னாலே இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஜெர்மனி ஆஸ்திரியா ரெண்டுலயும் ஆம்புலன்ஸுக்கு நடுவுல வழி விட்டே ஆகணும், சைரன் கேட்ட பிறகு இல்ல, வண்டி ஊர ஆரம்பிச்ச உடனே. இடது லேன்ல இருக்கவங்க இடது ஓரம், மத்த எல்லாரும் வலது ஓரம். ஆஸ்திரியாவுல ஹைவே ஸ்பீட் 130, ஆனா இன்ஸ்ப்ரூக் பக்கம் காத்து மாசுக்காக 100 போட்ருப்பாங்க, அந்த போர்டுல ஐஜி-எல்னு எழுதியிருக்கும், ரோடு காலியா இருக்கேன்னு அழுத்தாதீங்க. சில இடத்துல ஒரு கேமராவுல இருந்து அடுத்த கேமரா வரைக்கும் சராசரி வேகம் பாப்பாங்க, கேமரா பக்கத்துல மட்டும் பிரேக் போடுற வேலை நடக்காது. 2024 மார்ச்ல இருந்து ரொம்ப மீறின வேகத்துல புடிச்சா காரையே எடுத்து வச்சுக்கலாம்னு அங்க சட்டம் வந்துருச்சு.

இத்தாலில டோல் நமக்குப் பழகின மாதிரிதான். உள்ள போகும்போது மெஷின்ல சீட்டு எடுக்கணும், வெளிய வரும்போது தூரத்துக்கு ஏத்த காசு. பிரென்னர்ல இருந்து வெரோனா வரைக்கும் இருபது யூரோவுக்குள்ள முடியும். சீட்டைத் தொலைச்சிராதீங்க, தொலைச்சா ரொம்ப தூரத்து என்ட்ரில இருந்து வந்ததா கணக்குப் போடுவாங்க, குழந்தை கையில விளையாடக் குடுக்காம முன்னாடி ஒரே இடத்துல வைங்க. வெளிய வரும்போது மஞ்சள் போர்டுல டெலிபாஸ்னு மட்டும் இருக்கற லேன்ல போகாதீங்க, அது டேக் வச்சிருக்கவங்களுக்கு. நீல போர்டு கார்டுக்கு, வெள்ளை போர்டு கேஷுக்கு. தப்பான லேன்ல போயிட்டாலோ கார்டு ஏறலன்னாலோ ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீங்க, ரொம்ப ஆபத்து, ஃபைனும் பயங்கரம். உதவி பட்டனை அமுக்குங்க, ஒரு ரசீது வரும், கேட் திறக்கும், பதினஞ்சு நாளுக்குள்ள ஆன்லைன்ல கட்டிட்டா போதும். மிலான் பக்கம் போற மாதிரி ப்ளான் மாறினா ஏ 36 ரோட்டை கவனிங்க, அங்க கேட்டே கிடையாது, மேல கேமரா மட்டும், அதுக்கும் பதினஞ்சு நாளுக்குள்ள நீங்களா வெப்சைட்ல போய்க் கட்டணும்.

இனி சொல்றதைத்தான் நல்லா மனசுல வாங்கிக்கணும். இத்தாலியப் பழைய நகரங்கள்ல நடு ஊருக்குள்ள இசட்டிஎல்னு ஒரு ஏரியா இருக்கும், உள்ளூர்க்காரங்களுக்குக் குடுக்குற பெர்மிட் இல்லாம யாரும் கார்ல நுழையக் கூடாது. வட்டமா வெள்ளை போர்டு, சிவப்பு விளிம்பு, பக்கத்துல ஒரு எலக்ட்ரானிக் போர்டுல வார்கோ ஆத்திவோன்னு எரிஞ்சா தடை இப்ப நடப்புல இருக்குன்னு அர்த்தம். நுழையுறது அஞ்சு செகண்ட் வேலை. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் ஃப்ளாரன்ஸ்ல ஹோட்டலைத் தேடி ஒரே ஏரியாவைச் சுத்திச் சுத்தி வந்தாங்க, ஒவ்வொரு தடவை கேமராவைத் தாண்டினதுக்கும் தனித்தனி ஃபைன், அது போக ஒவ்வொரு லெட்டருக்கும் அட்ரஸ் குடுத்ததுக்காக வாடகை கம்பெனி தனியா சர்வீஸ் சார்ஜ் எடுத்தாங்க. சுத்திப் பாத்த சந்தோஷமே போச்சு அவங்களுக்கு. உங்க ஹோட்டல் உள்ள இருந்தா முன்னாடியே மெயில் போட்டு கார் நம்பரைப் பதிவு பண்ணச் சொல்லுங்க, பண்ணிட்டோம்னு பதிலும் எழுத்துல வாங்கி வைங்க.

என்னைக் கேட்டா ஃப்ளாரன்ஸுக்குள்ள காரே எடுத்துட்டுப் போக வேண்டாம். ஏ 1 ஹைவேல இருந்தே நேரா உள்ள போற மாதிரி வில்லா கோஸ்தான்சான்னு ஒரு பார்க்கிங் இருக்கு, அங்க நிறுத்திட்டு டி 1 டிராம் ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள சான்டா மரியா நொவெல்லா ஸ்டேஷன், அம்மாவுக்கும் அலைச்சல் கம்மி. தெருவுல நிறுத்துற இடத்துல வெள்ளைக் கோடு ஃப்ரீ, நீலம் காசு, மஞ்சள் உங்களுக்கு இல்ல.

மத்தபடி சின்னச் சின்ன விஷயம். இத்தாலி ஹைவேல 130, மழை பெஞ்சா 110. ஊருக்கு வெளிய பகல்லயும் ஹெட்லைட் போடணும். போனைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டினா 2024 டிசம்பர் சட்டத்துக்கு அப்புறம் 250 யூரோல ஆரம்பிக்குது. ஸ்பீட் கேமரா எங்க இருக்குன்னு காட்டுற ஆப்பை ஓட்டுறவங்க ஜெர்மனில பாக்கக் கூடாது. போர்டு இல்லாத சந்திப்புல வலது பக்கம் இருந்து வர்றவங்களுக்கு விட்டே ஆகணும், அவங்க சின்ன சந்துல இருந்து வந்தாலும் சரி, நம்ம ஆளுங்களுக்கு இது கைக்கு வர்றதுக்கு நாளாகும், கிளம்புறதுக்கு முன்னாடி மியூனிக் தெருவுலயே நல்லா ஓட்டிப் பழகுங்க. பெட்ரோல் பங்க்ல செர்வீதோன்னு எழுதின பம்ப்ல ஆள் போட்டு விடுவாங்க, ரேட் கூட, செல்ஃப் பம்ப்ல நிறுத்துங்க.

டோல் ரசீது, விக்னெட் மெயில், ஹோட்டல் பதில் எதையும் ஊர் திரும்பினதும் அழிக்காதீங்க. இத்தாலில இருந்து வெளிநாட்டு ஆளுக்கு நோட்டீஸ் அனுப்ப அவங்களுக்கு 360 நாள் டைம் இருக்கு. வந்தா ஒதுக்கிப் போட்டுராதீங்க, 70 யூரோவுக்கு மேல உள்ள ஃபைனை இங்க ஜெர்மன் ஆபீஸ் மூலமாவே வசூல் பண்ண முடியும். நிஜமாவே உங்க தப்புன்னா நோட்டீஸ் கைக்கு வந்த அஞ்சு நாளுக்குள்ள கட்டினா பெரும்பாலான ஃபைன்ல முப்பது சதவீதம் குறைப்பாங்க. வீடு மாத்தினா புது அட்ரஸை வாடகை கம்பெனிக்கும் சொல்லிருங்க.

பாப்பா 150 சென்டிமீட்டருக்குக் கம்மியாத்தான் இருப்பா, அதனால சைல்ட் சீட் கட்டாயம், வாடகை கம்பெனிகிட்ட வாங்கினா நாளுக்கு இவ்வளவுன்னு போட்டுத் தீட்டிருவாங்க, ரெண்டு வாரத்துக்கு சொந்தமா ஒண்ணு வாங்குறதே மலிவு. எந்தத் தேதி கிளம்புறீங்கன்னு முடிவானதும் எழுதுங்க, பிரென்னர்ல அன்னைக்கு எத்தனை லேன் திறந்திருக்குன்னு சேர்ந்து பாக்கலாம்.