தலவாக்கலை – கொழும்பு ரயிலில் வேலை: எந்த லெப்டொப்?

பழைய திங்பேட் டி480 லெப்டொப்பா, 4 ஜிபி ரேமும் செலரான் என்ற மலிவு ப்ரொசெசரும் உள்ள புதியதா என்று கேட்டீர்கள். பழைய டி480-ஐயே எடுங்கள். புதிய 4 ஜிபி செலரான் வேண்டாம். பிரவுசரில் பத்து டேப், ஒரு சூம் அழைப்பு, அவ்வளவுதான், திணறிவிடும். அந்த மலிவு மொடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது. டி480-இல் ரேம் போட இரண்டு ஸ்லொட் உண்டு.

கடையில் பார்த்த டி480-இல் "ஒரு மணி நேரம்தான் சார்ஜ் நிற்கிறது" என்றீர்களே, பெரும்பாலும் பற்றரி தேய்ந்திருக்கும். காசு கொடுக்குமுன் கடையிலேயே பற்றரியின் நிலையைக் காட்டும் விண்டோஸ் பற்றரி ரிப்போர்ட் எடுங்கள். டி480-இல் இரண்டு பற்றரி: உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று. இரண்டிலும் டிசைன் கெப்பாசிட்டியோடு (புதிதில் இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியை (இப்போது முழுதாக ஏறும் அளவு) ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பின்னால் உள்ளதை மாற்றுவது சுலபம், உள்ளே உள்ளதற்கு அடிமூடியைக் கழற்ற வேண்டும்.

அப்புறம், சார்ஜர் வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். யூஎஸ்பி-சி துளை ஆடினால் வாங்காதீர்கள்.

வழியில் வரும் சிங்கமலை ரயில் சுரங்கத்துக்குள் சிக்னலை மட்டும் எந்த லெப்டொப்பாலும் கொண்டுவர முடியாது. ஃபைல்களை முன்பே இறக்கிவையுங்கள்.