கூடை பின்ன ஒரு மேஜை

அன்புள்ள அக்கா,

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். விடுமுறைக்குப் பாண்டிச்சேரி போயிருந்தோம். மதிய வெயில் தாங்காமல் கடற்கரைக்குப் பின்னால் ஏதோ ஒரு தெருவில் ஒதுங்கியபோது ஒரு கஃபே கண்ணில் பட்டது. பழைய வீடு, முற்றத்தில் நீளமாக ஒரு மேஜை. ஒரு அம்மா குரோஷா பின்னிக்கொண்டிருந்தார், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளை வீட்டுக்காரரோடு பீச்சுக்கு அனுப்பிவிட்டு நான் ஒரு வெள்ளைக் கப்பை எடுத்து நீலத்தில் மீன் வரைந்தேன். இரண்டரை மணி நேரம்! முடித்தபோது நீலம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. சுட்டால் சரியாகிவிடும், கூரியரில் அனுப்புகிறோம் என்றார்கள். காபியோடு சேர்த்து 900 ரூபாய். வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "பாரிமுனையில இதே கப் அறுபது ரூபா" என்றார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. வீண் செலவு செய்துவிட்டேனா? நம் வடசென்னையில் இப்படி ஓர் இடம் ஏன் இல்லை? நானே சின்னதாக ஆரம்பித்தால் நடக்குமா?

எம்.

அன்புள்ள எம்,

வீண் செலவே இல்லை, அந்த 900 ரூபாயை இன்றோடு மறந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 'இரண்டரை மணி நேரம்' என்ற இடத்தைத்தான். பிள்ளைகளோடு வெளியூர் போன ஒரு பெண் இரண்டரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல், எழுந்து போகச் சொல்லாமல், கையில் ஒரு வேலையோடு உட்கார்ந்திருக்கிறாள். பாரிமுனையில் கப் கிடைக்கும், நானும் அங்கேதான் வாங்குகிறேன். இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

நீலத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். உங்கள் கையில் கொடுத்தது ஏற்கெனவே ஒரு தடவை, சுமார் 1000 டிகிரியில் சுட்ட கப். மேலே கிளேஸ் என்கிற மெருகு இருக்காது. அந்த மண் தண்ணீரைக் கண்டால் குடித்துவிடும், அதனால்தான் தூரிகையை வைத்த இடத்திலேயே அது இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்திருக்கும், மீனின் முதுகுக் கோடு ஒரே இழுப்பில் வந்திருக்காது. ஒரே நிறத்தை இரண்டு மூன்று தடவை பூசச் சொல்வதும் அதற்காகத்தான். அப்புறம் அதன்மேல் கிளேஸ் ஏற்றி மறுபடி சூளையில் வைப்பார்கள். கிளேஸ் உருகிக் கண்ணாடியாகப் படியும்போதுதான் அடியில் இருக்கும் நீலம் நீலமாகத் தெரியும். சூளை ஆறவே ஒரு நாள் போல ஆகும், அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல் விடும். அதனால்தான் யாருமே அன்றைக்கே கையில் கொடுப்பதில்லை.

பாண்டிச்சேரியில் இது சுலபமாக நடப்பதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பட்டறை போட்டார்கள். அரை நூற்றாண்டாகச் சூளை எரிகிற ஊரில் மண்ணும் கிளேஸும் கைதேர்ந்த ஆளும் கூப்பிடு தூரத்தில் கிடைப்பார்கள்.

நம் பக்கம் ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். கைவேலை இல்லாத ஊரா இது? நான் காலடிப்பேட்டைக்காரி. அந்தப் பெயரே முந்நூறு வருஷத்துக்கு முன்னால் காலெட் என்ற கவர்னர் காலத்தில் நெசவாளர்களைக் குடிவைத்ததால் வந்தது, காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. நெய்த துணியை வெளுத்தவர்களால் வந்த பெயர் உங்கள் வண்ணாரப்பேட்டை. புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில் இன்றும் பிள்ளையாரும் கொலு பொம்மையும் செய்கிறார்கள். காசிமேட்டில் வலை பின்னுகிற ஒருவர் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், அந்த விரல்களின் வேகத்துக்கு எந்தக் குரோஷாவும் ஈடில்லை.

கை இருக்கிறது, உட்கார இடம்தான் போய்விட்டது. நாங்கள் இருந்தது லைன் வீடு. மதியம் மூணு மணிக்கு, பைப்பில் தண்ணீர் வருவதற்கு முன்னால், மாடிப்படிதான் எங்கள் கஃபே. கீழ்ப்படியில் அம்மா, அதற்கு மேல் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதற்கும் மேல் நாங்கள். அம்மா ஒயர் கூடை பின்னுவாள். வெட்டிய ஒயர்களை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, முனையைக் கால் விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டாக மடித்து முதல் முடிச்சைப் போடுவாள். போட்டதும் 'கிரீச்' என்று இழுப்பாள், அந்தச் சத்தம் வராவிட்டால் முடிச்சு இறுகவில்லை என்று அர்த்தம். சாதா முடிச்சு எங்களுக்குக் கொடுத்துவிடுவாள், சிவன் கண் முடிச்சு மட்டும் அவளே போடுவாள். ஆள்காட்டி விரலில் ஒயர் வெட்டிய சின்னக் கோடுகள் எப்போதும் இருக்கும். யார் வீட்டில் என்ன சண்டை, எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன் என்பதெல்லாம் அந்தப் படியில்தான் பேசி முடிந்தது. இப்போது அந்த இடத்தில் நாலு மாடி அபார்ட்மென்ட், படியில் செருப்பு ஸ்டாண்டு, வாசலில் பைக். அம்மா கடைசியாகப் பின்னிய கூடை என்னிடம்தான் இருக்கிறது, பச்சையும் வெள்ளையும், இன்னும் அதில்தான் காய் வாங்குகிறேன்.

2024-ல் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்று ஓர் இடம் திறந்தார்கள். லேப்டாப்போடு வந்து அரை நாள் உட்கார ஐம்பது ரூபாய் என்று வைத்தார்கள். நல்ல மேஜையும் ஃபேனும் இருந்தால் நம் பக்கத்து ஜனங்கள் வருவார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. லேப்டாப்புக்குக் கிடைத்த மாதிரி ஊசிக்கும் ஒயருக்கும் ஒரு மேஜை வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆரம்பித்தால் நடக்குமா என்றால், நடக்கும், ஆனால் சூளை வாங்காதீர்கள். விலையும் கரன்ட் பில்லும் உங்களைத் தூங்கவிடாது. கொசப்பேட்டைக்கு ஒரு நடை போய் வர்ணம் பூசாத அகல்விளக்கோ சின்ன பொம்மையோ மொத்தமாகக் கேளுங்கள். அதற்கு அக்ரிலிக் பெயின்டே போதும், காய்ந்ததும் அன்றைக்கே எடுத்துப் போகலாம். கப், தட்டு மட்டும் வேண்டாம், அக்ரிலிக் பூசியதில் யாரும் சாப்பிடக் கூடாது, இதை எழுதியே ஒட்டிவிடுங்கள். பேப்பர், அட்டைக்குப் பந்தர் தெருவும் ஆண்டர்சன் தெருவும் இருக்கின்றன, மெட்ரோவில் ஏறினால் மண்ணடியில் இறங்கி நடக்கிற தூரம். மூணு நாலு ரோல் ஒயர் இருந்தால் ஒரு கூடை. சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் தேட வேண்டாம், உங்கள் தெருவிலேயே ஐம்பது வயது தாண்டிய பெண்களிடம் விசாரியுங்கள், பாதிப் பேருக்குக் கை மறந்திருக்காது. அவர்களுக்குக் கூலி கொடுங்கள், ஓசியில் வேலை வாங்காதீர்கள், இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். காபி மெஷின் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் டீயும் சுண்டலும் போதும். கடைக்கு வாடகை கொடுக்கும் முன்னால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பந்தல் போட்டுப் பாருங்கள். நாலு வாரம் ஆள் வருகிறதா என்று தெரிந்த பிறகு அட்வான்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

கப் வந்து சேர்ந்ததும் மீனைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாடியில் முதல் ஞாயிறு எது என்றும் எழுதுங்கள், நாலு மணிக்கு மேல் என்றால் நானும் வருகிறேன். சிவன் கண் முடிச்சில் பாதியில் விட்ட ஒரு கூடை என்னிடம் கிடக்கிறது, அதை முடித்துக் கொடுக்கத் தெரிந்த ஒரு பெரியம்மா அங்கே கிடைப்பார்.

அன்புடன்,
அக்கா