அண்ணியைச் 'சந்திரமுகி' என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள்

கொழிஞ்சாம்பாறை தம்பிக்கு,

உங்கள் அண்ணி திடீரென்று சின்னப் பிள்ளை போலப் பேசுகிறார், அப்புறம் அது நினைவே இல்லை என்கிறார், கைக்குழந்தையை அவரிடம் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அவரைச் 'சந்திரமுகி' என்கிறார்களாம். படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

ஒருவருக்குள்ளேயே வேறு வேறு ஆள்கள் மாறி மாறி வருவது போலிருக்கும் 'விலகல் அடையாளக் கோளாறு' (dissociative identity disorder) என்று ஒன்று உண்டு. 1993இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரத்தாழு'ம் 2005இல் வந்த 'சந்திரமுகி'யும் இதைக் கொலைவெறியாகக் காட்டின. கடைசியில் ஒரே ராத்திரியில் குணமும் ஆகிவிடும். நிஜத்தில் இந்தக் கோளாறு பெரும்பாலும் சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பட்ட கொடுமையோடு தொடர்புடையது. பல நேரம் வெளியே தெரியவே தெரியாது. வாங்கிய ஞாபகமே இல்லாத புடவை பீரோவில் இருக்கும். மத்தியானம் என்ன செய்தோம் என்பதே தெரியாது. அடுத்தவரைத் தாக்குவதைவிடத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்துதான் அதிகம். அதனால் குழந்தையைப் பிடுங்காதீர்கள், கூட ஒருவர் இருங்கள்.

அண்ணிக்கு இதுதான் என்றும் முடிவு கட்டாதீர்கள். சிலவகை வலிப்பிலும் இப்படி வரும். பாலக்காட்டிலோ கோவையிலோ மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சோட்டாணிக்கரை பகவதி கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னால் போய் வாருங்கள், ஆனால் பேயோட்டுகிறேன் என்று யாரும் அவர் மேல் கை வைக்க விடக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

எப்போது மாறினார், எவ்வளவு நேரம், எது மறந்தது என்று எழுதி வைத்து மருத்துவரிடம் கொடுங்கள்.