ஆயிரம் லிங்க் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் கடற்கரை மீன்களையும் கருவாட்டையும் பற்றி வலைப்பூ எழுதுகிறேன். கீழக்கரை நண்பர் ஒருவர் தன் வலைப்பூவின் ஓரப்பட்டையில் என் முகவரியைப் போட்டிருக்கிறார். அவருடைய 300 பதிவுகளிலும் அது தெரிகிறது. 300 லிங்க் என்று கணக்கு வருமா? பணம் கொடுத்தால் 1000 லிங்க் போட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: 300 எல்லாம் வராது, ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலைப்பூக்களை வரிசைப்படுத்துவதில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த டெக்னோரட்டி என்ற தளம், கடைசி ஆறு மாதத்தில் எத்தனை வெவ்வேறு வலைப்பூக்கள் உங்களுக்கு லிங்க் கொடுத்தன என்றுதான் பார்த்தது. ஒரே ஆள் தினம் கொடுத்தாலும் ஒன்றுதான், ஆறு மாதம் தாண்டினால் அதுவும் போச்சு. 2014-இல் அந்த வரிசைப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள், அது தனிக்கதை.

தேடலில் எந்தப் பக்கத்தை முன்னால் காட்டுவது என்று பார்க்கிற கூகுள் கணக்கு வேறு. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது எழுதிய பேஜ்ரேங்க் முறை, லிங்க் கொடுக்கிற பக்கத்துக்கே என்ன மதிப்பு என்று முதலில் பார்க்கும், பிறகு அந்த மதிப்பை அங்கிருந்து வெளியே போகிற லிங்க்குகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும். படகில் பங்கு பிரிக்கிற மாதிரிதான், ஆள் கூடினால் பங்கு குறையும். அதிலும் முழுசாக வராது, 0.85-ஆல் பெருக்கியதுதான் வரும். மண்டபத்திலேயே இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் பக்கத்தில் ஒரே ஒரு முறை உங்களைச் சுட்டினால், 500 லிங்க் திணித்த ஏதோ ஒரு பக்கத்தின் மூலையில் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். இன்றைக்குக் கூகுள் இன்னும் பலதையும் பார்க்கிறது என்றாலும் லிங்க் கணக்கு போய்விடவில்லை.

சரி, அந்த 1000 லிங்க்கை அவர் எங்கே போடுவார்? பெரும்பாலும் யார் யாருடைய பதிவுகளிலோ, மறுமொழிப் பெட்டியில். இந்தத் தொல்லைக்காகவே 2005-இல் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் ‘நோஃபாலோ’ குறிப்பைக் கொண்டுவந்தன; அது ஒட்டிய லிங்க்குக்குப் பொதுவாக மதிப்பு போய்ச் சேராது. காசு கொடுத்து வாங்கிய லிங்க் என்றால் கூகுள் விதிப்படியே குற்றம். 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது இப்படி ஏறியிருந்த தளங்கள் பல ஒரேயடியாகக் கீழே விழுந்தன. வேண்டவே வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் பக்கத்து நாட்டுப்படகுகளில் என்னென்ன மீன் வருகிறது என்று படத்தோடு ஒரு பதிவு போடுங்கள், தேவைப்படுகிறவர்கள் கேட்காமலே லிங்க் கொடுப்பார்கள். நண்பர் போட்டது அப்படியே இருக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.