மியூட்டில் போட்ட அப்பா

கேள்வி: எனக்கு வயது 29. வேலை முடிந்தால் சினிமா, பாட்டு, ஓவியம், மீம்ஸ் என்றே பொழுது போகும். ஒருநாள் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ பார்த்து அழுவேன், மறுநாள் மசாலாப் படம் பார்த்து விசிலடிப்பேன். கர்நாடக இசையும் பிடிக்கும், ஜாஸும் பிடிக்கும். தூங்கப்போகும்போது லோ-ஃபை என்கிற மெல்லிய பின்னணி இசை. பிரெஞ்சு ஓவியர் டூஷாம்ப் மீசை வரைந்த மோனாலிசாதான் என் போன் முகப்புப் படம். இதையெல்லாம் பேசி மகிழ வீட்டில் ஆளே இல்லை. அப்பா பத்து ஸ்மைலியோடு ஃபார்வர்ட் ஜோக்கும் பழைய பாட்டும் அனுப்புவார். ஒருமுறை நண்பர்கள் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது திரையில் வந்து சங்கடமாகிவிட்டது. அன்றே அவரை மியூட்டில் போட்டுவிட்டேன். என் ரசனை இப்படிச் சிதறிக் கிடப்பது தவறா? ஏன் இவ்வளவு தனிமையாக உணர்கிறேன்?

பதில்: ரசனை பல பக்கம் ஓடுவதில் தவறே இல்லை. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

‘வீட்டில் யாருக்கும் என் ரசனை புரியவில்லை’ என்று எழுதுபவர்கள் எனக்கு ஏராளம். உங்களுக்கேற்ற மனிதர்கள் கிடைப்பார்கள், பொறுத்திருங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அப்பாவை மியூட்டில் போட்டுவிட்டேன் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டீர்களே, அந்த வரி.

1953-இல் வந்த அந்த ஓசு படத்தையே எடுத்துக்கொள்வோம். வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். யார் இவர்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்க, ‘ஊரிலிருந்து வந்திருக்கும் தெரிந்தவர்கள்’ என்று சொல்லிவிடுகிறாள். ஷிகே கொடுமைக்காரி இல்லை. பெற்றோருக்குச் சோறு போடுகிறாள், படுக்க இடம் தருகிறாள். வெளியாள் ஒருவர் முன்னால் ஒரு நொடிக் கூச்சம், அவ்வளவுதான். அந்த நொடியில் அவள்மேல் கோபம் வராமல் யாராலும் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. உங்களுக்கும் வந்திருக்கும்.

நண்பர்கள் முன்னால் அப்பாவின் பெயர் திரையில் வந்தபோது நீங்கள் செய்தது என்ன? ஷிகே ஒரே ஒரு வாடிக்கையாளரிடம்தான் மறைத்தாள். நீங்கள் அவர் வாயையே அடைத்துவிட்டீர்கள். அது அவருக்குத் தெரியவும் தெரியாது. இன்று காலையும் ஏதோ அனுப்பியிருப்பார். திரையில் வேறொருவரின் அப்பாவுக்காக அழத் தெரிந்த உங்களுக்கு இது எப்படி உறைக்காமல் போயிற்று?

பத்து ஸ்மைலி என்று எண்ணிச் சொல்கிறீர்கள். இணைய நகைச்சுவையில் ஊறியவர் நீங்கள். இதை அறிந்திருக்க வேண்டும். 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாக எழுதியதன் பக்கத்தில் சிரிக்கும் முகக் குறியைப் போடலாம் என்று யோசனை சொன்னார். கணினியில் எழுதும்போது முகமும் தெரியாது, குரலும் கேட்காது. ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை மற்றவர் நிஜமென்று எடுத்துக்கொண்டுவிடுகிறார். அதைத் தவிர்க்க வந்த குறி அது. உங்கள் அப்பாவும் அதே தேவைக்குத்தான் அதைப் போடுகிறார். நான் சிரித்தேன், நீயும் சிரி என்கிறார். பத்து முறை சொல்கிறார் என்றால், ஒருமுறை சொன்னதற்குப் பதில் வராததால் இருக்கும்.

டூஷாம்ப் 1919-இல் செய்தது என்ன? மலிவான ஒரு அஞ்சலட்டையில் மோனாலிசாவுக்கு மீசையும் குறுந்தாடியும் வரைந்து, அடியில் குறும்பாகச் சில எழுத்துகளைப் போட்டார். யாரோ வரைந்த படத்தை எடுத்து, மேலே கிறுக்கி, அடுத்தவரைச் சிரிக்கவைப்பது. நூறு வருடம் கழித்து அதை முகப்பில் வைத்துக்கொள்ளும் நீங்கள், படத்தின்மேல் நாலு வரி எழுதி அப்பா அனுப்புவதைப் பார்த்துக் கூசுகிறீர்கள். லோ-ஃபை பாட்டில் இசைத்தட்டின் கரகரப்பை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். பழசுபோல் ஒலித்தால் மனம் இளகுகிறது. உங்கள் அப்பாவின் பழைய பாட்டில் அந்தக் கரகரப்பு தானாகவே இருக்கிறது.

அவர் அனுப்புவதெல்லாம் உயர்ந்த சரக்கு என்று நான் சொல்லவில்லை. பாதி ஜோக் சலித்துப்போனதாக இருக்கும். பொய்ச் செய்தியும் வரும். வந்தால் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொல்லித் திருத்துங்கள், குரூப்பில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். ஆனால் பெற்றவர் பேசும்போது காது கொடுப்பது பிள்ளையின் கடமை. நேரம் இருந்தால், மனம் இருந்தால் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. மாதாமாதம் பணம் அனுப்புவதும் மருந்து வாங்கித் தருவதும் இதற்கு ஈடாகாது. இதைப் பழமைவாதம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் மாறப்போவதில்லை.

தனிமை ஏன் என்று கேட்டீர்கள். வீட்டில் பேச ஆளில்லை என்கிறீர்கள். தினமும் உங்களிடம் பாட்டையும் சிரிப்பையும் பற்றிப் பேச வருகிற ஒரு மனிதர் இருக்கிறார். கதவைச் சாத்தியது நீங்கள்.

இன்றிரவு மியூட்டை எடுங்கள். இதுவரை வந்து கிடப்பதை எல்லாம் மேலிருந்து கீழே பாருங்கள். ஒரு பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். இந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை ஜாஸ், ஓசு எதையும் நடுவில் நுழைக்காதீர்கள். நண்பர்கள் இருக்கும்போது மறுபடி அவர் செய்தி வந்தால், ‘எங்கப்பா’ என்று சொல்லித் திறந்து படியுங்கள்.

பிறகு ஒருநாள் அந்த மீசை மோனாலிசாவை அவருக்கு அனுப்புங்கள். அவர் சிரிக்கலாம், சிரிக்காமலும் போகலாம். புரியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். சின்ன வயதில் உங்களுக்குப் புரியாத எத்தனை ஜோக்குகளை அவர் அலுக்காமல் விளக்கியிருப்பார்!