தென்னையிலிருந்து விழுந்த கணவருக்கு எங்கே போய் என்ன கேட்பது?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 39 வயது. தேங்காய் வெட்டுதான் தொழில். 14 மாதத்துக்கு முன்னால் ஒரு விளையில் (தோப்பில்) தேங்காய் வெட்ட ஏறியவர் தவறி விழுந்துவிட்டார். முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டில் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது. உதவித்தொகை கேட்டால், 75 சதவீதம் வேண்டும் என்கிறார்கள். பேங்கில் பணம் எடுக்க ஆளையே கூட்டி வரச் சொல்கிறார்கள். வாசலில் மூன்று படி. ஆட்டோவில் ஏற்ற நாலு பேர் வேண்டும். இப்போது அவர் அறையை விட்டே வருவதில்லை. நான் முந்திரி ஆலை வேலையையும் விட்டுவிட்டேன். முதலில் எதைச் செய்ய?

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதில் அந்த 60 என்ற எண்ணில்தான் என் கண் நின்றது. முதலில் அதைச் சரி செய்யுங்கள். மற்ற கதவுகளில் பாதி அதன் பின்னால்தான் இருக்கின்றன.

சட்டத்தின் கணக்கு இப்படி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி உண்டு. நம் மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை, கை கால் இயக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கில் வரவேண்டுமானால் 75 சதவீதம் கேட்கும். 2023 ஜனவரியில் இதை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வருவாய்த் துறை வழியாக வருகிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. அது அதே மாதத்தில் 1,500 ரூபாயானது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். இப்போதைய 60ஐ வைத்து வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். எண் மாறிய பிறகு மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை வீட்டுச் செலவு காத்திருக்காது அல்லவா?

இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லாதவருக்கு 60 எப்படி வந்தது? நான் பார்த்த வரையில் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதைச் சொல்ல என் வீட்டுக் கதையையே சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் அண்ணன் பனையிலிருந்து விழுந்தவர். சர்டிபிகேட்டுக்குப் போன அன்று அம்மா அவருக்குச் சலவை செய்த சாரமும் (லுங்கி) வெள்ளைச் சட்டையும் உடுத்திவிட்டார். மூத்திரப் பையைச் சாரத்துக்குள் மடக்கி, வெளியே தெரியாமல் ஊக்கு குத்தி வைத்தார். மருத்துவர் காலைத் தட்டிப் பார்த்தார், கேள்விகள் கேட்டார். சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டபோது அம்மா 'அதெல்லாம் போகுது டாக்டர்' என்று சொல்லிவிட்டார். பிள்ளையை மற்றவர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்ற எண்ணம். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு வரி பதிவாகாமல் போனதால் எண் குறைந்தது. திரும்ப ஏறி இறங்கி அதைச் சரி செய்ய எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ஆகவே நீங்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லை, சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது, படுக்கைப் புண் வந்திருக்கிறது, தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை, யார் துணையில்லாமல் எதைச் செய்ய முடியாது என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தண்டுவடம் அடிபட்டவருக்குக் கால்கள் மட்டும் பாதிப்பதில்லை. சிறுநீர்ப்பையின் பாதிப்பும் மதிப்பீட்டில் சேரும். ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. அறிக்கை, டியூப் மாற்றிய சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும்.

உங்கள் சர்டிபிகேட்டில் செல்லுபடியாகும் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேதி இருந்தால் அது தற்காலிகச் சான்று. காலம் முடியும்போது ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மருத்துவமனையில் மறுமதிப்பீடு கேளுங்கள். நிரந்தரச் சான்று என்றால், சட்டத்தின் 59ஆவது பிரிவு உங்களுக்கு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, யாருக்கு அனுப்பவேண்டும் என்று கேளுங்கள். எண் மாறினால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையின் நிறமும் மாறலாம். 40 முதல் 80க்குள் இருப்பவர்களுக்கு மஞ்சள், 80ம் அதற்கு மேலும் என்றால் நீலம். இந்த அட்டை நாடு முழுவதும் செல்லும். வேலைக்காகவோ சிகிச்சைக்காகவோ திருவனந்தபுரம் போகிற நம்மைப் போன்ற எல்லை மாவட்டத்துக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு அவசரமான விஷயம். விபத்து நடந்து 14 மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். விளைக்காரர் அவரைக் கூலிக்கு வைத்திருந்தார் என்றால் தொழிலாளர் இழப்பீடு கேட்க வழி இருக்கலாம். அவர் எந்த முறையில் வேலைக்குப் போனார் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் அந்த மனுவுக்குக் கெடு உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு அங்கே வக்கீல் இலவசம், வருமானம் பார்க்கமாட்டார்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அப்படியே அவருடைய பேங்க் பாஸ்புக்கை எடுத்து, விழுந்த நாளுக்கு முந்தைய மே, ஜூன் பக்கங்களைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. இரண்டு கால்களின் செயல்பாடும் மீளாமல் போனால் அதில் 2 லட்சம் ரூபாய் உண்டு. விபத்து நடந்ததும் தகவல் சொல்லவேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டது என்று நாமாக நினைத்து விட்டுவிடக் கூடாது. காரணத்தை எழுதி மனு கொடுங்கள், மறுப்பதானால் அவர்கள் எழுத்தில் மறுக்கட்டும். நம் மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு இந்த 20 ரூபாய் எதற்குப் போகிறது என்றே தெரியாது. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா, தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரமேறிகள் காப்பீட்டில் சேர்ந்திருந்தாரா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கூட்டாளிகளுடன் ஏதாவது முகாமில் சேர்ந்துவிட்டு மறந்திருப்பார்.

பேங்க் விஷயத்துக்கு வருகிறேன். 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கும் 70 வயது கடந்தவர்களுக்கும் அடிப்படைச் சேவையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. மேலாளரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். கணக்கு எண்ணோடு ஒரு கடிதம் எழுதி, சர்டிபிகேட் நகல் இணைத்து, இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். அதுவரை தபால்காரரைக் கேளுங்கள். ஆதார் இணைத்த கணக்கு என்றால் அவர் வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்துப் பணம் தருவார். 'கார்டியன் (பாதுகாவலர்) போடணும்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். அவருக்குக் கால்தான் அசையவில்லை. அவர் பணத்துக்கு அவரே எஜமான், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது.

எந்த அலுவலகமானாலும் மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள். அலுவலகம் மாடியில் இருந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டாம். அலுவலரைக் கீழே வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி மாற்ற விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து 5 வருடம் கொடுத்தது அதே சட்டம். அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. எங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தபாலில் எழுதலாம். ஆட்களை வரவழைத்து விசாரிக்க அவருக்கு நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு.

அரசு டவுன் பஸ்ஸில் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் சக்கர நாற்காலிக்காரரைப் படியேற்றுவது யார்? ரயில் உங்களுக்குக் கூடுதல் பயன்படும். படுக்கை வகுப்பில் அவருக்கும் துணைக்கும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு ரயில்வேயின் தனிச் சான்று வேண்டும்.

இனி வீடு. எனக்கு இதுதான் மிக முக்கியம். 14 மாதமாக ஒரு மனிதர் மேற்கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்றால், எந்த உதவித்தொகையும் அதற்கு ஈடாகாது.

படுக்கையில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வருவது அவருக்குத் தெரியாது. தினமும் குளிப்பாட்டும்போது இடுப்பெலும்பு, குதிகால், பின்புறம் மூன்றையும் மொபைலில் படம் எடுத்து அவருக்கே காட்டுங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால், அது மறையும் வரை அந்த இடம் அழுந்தக் கூடாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். மரமேறி வளர்ந்த கைகள் அவருக்கு. அந்த வலு அவரிடம் இன்னும் இருக்கிறது. நாற்காலியை நலத்துறை இலவசமாகத் தரும். கேட்கும்போது புண் வராமல் காக்கும் குஷனையும் மறக்காமல் கேளுங்கள், வெறும் நாற்காலியோடு திரும்பிவந்தவர்கள் நிறைய. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நாற்காலி வரும் முன் பாத்ரூம் கதவை அளந்துவிடுங்கள். பெரியவர்களுக்கான நாற்காலி சுமார் 26 அங்குல அகலம். நம் வீடுகளில் பாத்ரூம் கதவு பல இடங்களில் 24தான் இருக்கும். நிலையைப் பெயர்க்க முடியாவிட்டால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டாலே 2 அங்குலம் கிடைக்கும்.

வாசலில் மூன்று படி என்றீர்கள். படிக்கு 6 அங்குலம் என்றால் 18 அங்குல உயரம். ஓர் அங்குல ஏற்றத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு. ஆக 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அப்போதுதான் அவர் தானே தள்ளி ஏற முடியும். முற்றத்தில் அவ்வளவு நேர் இடம் இல்லையென்றால் நடுவில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விட்டு மடக்கிக் கட்டுங்கள். அகலம் 4 அடி. சக்கரம் ஓரத்தில் இறங்கிவிடாமல் இருபக்கமும் மூன்று அங்குலத் திட்டு. கொத்தனார் கடைசியில் சிமென்டை வழுவழுவென்று தேய்த்துவிடுவார், அழகு என்று நினைப்பார். விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தென்னந் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நம் ஊர்ச் சிமென்டில் பாசி எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

தொழிலைப் பற்றி இன்று எழுதவில்லை. நல்ல மறுவாழ்வுப் பயிற்சி ஒருமுறை கிடைத்தால் அந்தக் கேள்வி தானாக வேறு வடிவம் எடுக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறவும், சிறுநீரைத் தானே கவனிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பணியைத் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் அவருக்கும் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதற்குப் பிறகுதான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவரைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

நீங்களும் வேலையை விட்டுவிட்டீர்கள். அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளியைக் கவனிப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் நலத்துறையில் இருக்கிறது. அவருடைய விண்ணப்பத்தோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுங்கள். மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ தினம் 2 மணி நேரம் அவரைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் நீங்கள் தூங்குங்கள்.

கொத்தனார் வருகிற நாளில் மட்டும் நாலு பேரைக் கூப்பிட்டு அவரை முற்றத்தில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். டேப்பை அவர் கையில் கொடுங்கள். எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எங்கே கைப்பிடி வேண்டும் என்று கொத்தனாருக்கு அவரே சொல்லட்டும்.